முகாமில் செய்தால் குறையா? கண்புரை அறுவை முறைகள் பற்றி ஒரு மகனுக்குப் பதில்

உங்கள் அம்மாவுக்கு 68 வயது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. 10 வருடமாகச் சர்க்கரை. வலது கண்ணில் புரை முற்றி வெளுத்துவிட்டது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் மட்டும் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில், எஸ்.ஐ.சி.எஸ். முறையில் (கையாலேயே சிறு திறப்பு வழியே புரையை எடுப்பது) இலவசமாகச் செய்து தருகிறோம் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பேக்கோ என்ற இயந்திர முறை, மடக்கு லென்ஸ், 32,000 ரூபாய் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, “முகாமில் கத்தி வைப்பார்கள், இங்கே லேசர்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டில் எது சிறந்த முறை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடைசி வரியைப் படித்தபோதுதான் நீங்கள் எதற்காகத் தவிக்கிறீர்கள் என்று புரிந்தது: கடன் வாங்காமல் முகாமிலேயே செய்துவிட்டால் அம்மாவுக்குக் குறை வைத்தவனாகிவிடுவேனா? அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆகமாட்டீர்கள். நீங்கள் எழுதியிருப்பது போன்ற கண்ணுக்கு எஸ்.ஐ.சி.எஸ். மட்டமான முறை என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏன் என்று விளக்கத்தான் மீதி எல்லாம்.

நான் புதுச்சேரியிலும் கடலூரிலுமாக 31 வருடம் கண் அறுவை செய்தவன். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. இப்போது எந்த மருத்துவமனையோடும் தொடர்பில்லை. உங்கள் அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புரை எவ்வளவு கடினம், கருவிழி (கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம்) எவ்வளவு தெளிவு, உள்ளே விழித்திரை எப்படி என்பதெல்லாம் விளக்குக் கருவியில் உட்கார வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நான் சொல்வது முறைகளைப் பற்றி. அம்மாவின் கண்ணுக்கு முடிவு சொல்ல வேண்டியவர் பரிசோதித்த மருத்துவர்.

முதலில் அந்த ‘லேசர்’. பேக்கோவில் லேசர் கிடையாது. கண்ணுக்குள் நுழையும் ஒரு மெல்லிய குழல் ஊசி, நொடிக்குச் சுமார் 40,000 தடவை அதிர்ந்து புரையை உடைக்கும்; உடைந்ததை அதே குழல் உறிஞ்சி எடுக்கும். வேலை செய்வது ஒலியலை. அமெரிக்கரான சார்லஸ் கெல்மன் 1967-ல் இதைக் கொண்டுவந்தார். பல் மருத்துவர் பற்காரையைச் சுரண்டும் அதிர்வுக் கருவியிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. பேக்கோவிலும் கண்ணைத் திறப்பது கத்திதான். திறப்பு சிறியது, அவ்வளவே. உண்மையிலேயே லேசர் பயன்படுத்தும் ஃபெம்டோசெகண்ட் முறை என்று ஒன்று இருக்கிறது. அதைச் சாதாரண பேக்கோவோடு ஒப்பிட்டு பிரான்சில் நடத்திய பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை, செலவு மட்டும் கூடுதல். ஆகவே யாராவது ‘லேசர்’ என்று விலை சொன்னால், எந்த லேசர் என்று தயங்காமல் கேளுங்கள்.

புரை என்பது கண்ணின் மேல் படரும் சதையல்ல. நம் ஊரில் பலர் இரண்டையும் ஒன்றாகச் சொல்வதால் இதை எழுதுகிறேன். கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கும் நம்முடைய சொந்த லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இளநுங்கை விரலால் நோண்டி உறிஞ்சிவிடலாம். சற்று முற்றினால் மென்று தின்ன வேண்டும். கடுக்காயாகிவிட்டால் பல்லுக்கு வேலை இல்லை. லென்ஸும் வயதோடு அப்படித்தான் இறுகுகிறது. இன்று செய்யும் இரண்டு முறைகளிலும் பையின் முன்பக்கத்தை வட்டமாகத் திறந்து, மங்கிய லென்ஸை வெளியேற்றி, பையின் பின்பக்கத்தைக் கிழியாமல் விட்டு, அதற்குள் செயற்கை லென்ஸை வைக்கிறோம். லென்ஸின் நடுக்கருவை எப்படி வெளியே கொண்டுவருகிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. பேக்கோவில் அதை உள்ளேயே உடைத்து 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வரையிலான துளை வழியே உறிஞ்சுகிறோம். எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் திறப்பு வழியே முழுசாக எடுக்கிறோம். பண்ருட்டிக்காரருக்கு எளிதாகச் சொல்வதென்றால், பலாச்சுளையைக் கீறிக் கொட்டையைப் பிதுக்கி எடுத்துவிட்டுச் சுளையை அப்படியே வைத்துக்கொள்வது போல.

6 மில்லிமீட்டர் என்றதும் தையல் என்று பயப்பட வேண்டாம். அந்தத் திறப்பு நேராக உள்ளே இறங்குவதில்லை. வெள்ளைவிழியில் தொடங்கி, கருவிழியின் தடிமனுக்குள்ளேயே சுரங்கம் போல ஓடி, பிறகுதான் கண்ணுக்குள் திறக்கிறது. வேலை முடிந்ததும் கண்ணின் உள்ளழுத்தமே சுரங்கத்தின் உள்வாயை மேலே தள்ளி மூடிவிடும். நன்றாகச் செய்த சுரங்கத்துக்குத் தையலே தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனத்தில் இருப்பது அதற்கும் முந்தைய காலம். 10, 12 மில்லிமீட்டர் வெட்டி ஐந்தாறு தையல் போட்ட காலம் ஒன்று. அதற்கு முன்னால் பையோடு சேர்த்து லென்ஸைப் பிடுங்கி எடுத்து, லென்ஸே வைக்காமல் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலம் ஒன்று. நான் வேலையில் சேர்ந்தபோது பள்ளிக்கூட வகுப்பறைகளில் மேசை போட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். கண்ணாடி உடைந்துவிட்டால் மறுபடியும் குருடு. 1992-ல் மதுரையில் செயற்கை லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் தொடங்கி லென்ஸ் விலை இறங்கியதும், 1994 முதல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரைத் திட்டம் நடந்ததும் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. இன்று முகாமில் பரிசோதனை மட்டும்தான்; அறுவைக்குப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். முகாம் என்ற சொல் மட்டும் பழைய அச்சத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இனி உறுதியாகத் தெரிந்தவை. நேபாளத்தில் கண் அறுவை மருத்துவர் சந்துக் ரூயித் குழுவினர் 108 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் பேக்கோவும் மீதிப் பேருக்கு எஸ்.ஐ.சி.எஸ்.ஸும் செய்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாம் நன்றாக முற்றிய புரைகள். உங்கள் அம்மாவுக்கு இருப்பது போல. ஆறு மாதம் கழித்து, கண்ணாடி போட்டால் 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதற்கு மேல் பார்வை பெற்றவர்கள் இரு பக்கமும் 98 சதவீதம். கண்ணாடி இல்லாமல் அதே அளவு பார்த்தவர்கள் எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் 89, பேக்கோவில் 85. மறுநாள் கட்டு அவிழ்த்தபோது பேக்கோ செய்த கண்களில்தான் கருவிழி வீக்கம் அதிகம் இருந்தது. சராசரி நேரம் எஸ்.ஐ.சி.எஸ்.ஸுக்கு 9 நிமிடம், பேக்கோவுக்கு 15 நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டையும் தேர்ந்த கைகள் செய்தன என்பதை மறக்கக் கூடாது.

பேக்கோவுக்கு உண்மையான மேன்மை உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையானவன் அல்ல. திறப்பு சிறியதாக இருப்பதால் கருவிழியின் வளைவு குறைவாகவே மாறும். அதனால் தூரத்துப் பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படும் வாய்ப்பும் குறையும். எஸ்.ஐ.சி.எஸ். செய்தவர்களுக்குச் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் பவர், கொஞ்சம் கூடுதலாக வரலாம். திறப்பை மேற்பக்கம் வைக்காமல் காதுப்பக்கம் வைத்தால் அது குறையும். பேக்கோவைப் பெரும்பாலும் சொட்டு மருந்தில் மரக்க வைத்தே செய்துவிடலாம், எஸ்.ஐ.சி.எஸ்.ஸுக்குக் கண்ணோரம் ஊசி போடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது ஒரு விஷயம். கண் சிவப்பும் உறுத்தலும் பேக்கோவில் சீக்கிரம் அடங்கும். இளம்புரையோடு, கார் ஓட்டிக்கொண்டு, கணினியில் வேலை பார்த்துக்கொண்டு வருபவருக்கு நான் யோசிக்காமல் பேக்கோ என்றுதான் சொல்வேன். என் இரண்டு கண்ணிலும் நடந்தது அதுதான். என் புரை இளநுங்கு.

என் அத்தைக்கு நடந்தது எஸ்.ஐ.சி.எஸ். அவருடைய புரை காப்பிக்கொட்டை நிறத்தில் இறுகிப்போயிருந்தது. அப்படிப்பட்ட புரையை அதிர்வால் உடைக்க நிறைய சக்தியைக் கண்ணுக்குள் செலவழிக்க வேண்டும். கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. அவைதான் நீரை இறைத்துக் கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பவை. அழிந்தால் திரும்ப முளைக்காது. அதிர்வின் சூடும் தெறிக்கும் துண்டுகளும் முதலில் தாக்குவது அவற்றைத்தான். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசை. பேக்கோ கற்ற முதல் வருடத்தில், இயந்திரம் புதிது, எனக்குப் பெருமை அதைவிடப் புதிது. இரும்பு போன்ற ஒரு புரையை அதில்தான் எடுப்பேன் என்று உட்கார்ந்தேன். பாதியில் பின்பை கிழிந்து, கருவின் ஒரு துண்டு கண்ணின் அடியில் இறங்கிவிட்டது. விழித்திரை நிபுணர் ஒருவர் இரண்டாவது அறுவை செய்து அதை எடுத்தார். பார்வை வந்தது, ஆனால் மூன்று மாதம் தாமதமாக. அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம், தவறு கட்டிடத்துடையதல்ல. அதே கண்ணுக்கு எஸ்.ஐ.சி.எஸ். செய்திருந்தால் பத்து நிமிடத்தில் எழுந்திருப்பேன். எஸ்.ஐ.சி.எஸ்.ஸிலும் விபத்துகள் உண்டு: சுரங்கத்திலிருந்து ரத்தம் கசியலாம், பாப்பாவைச் சுற்றியுள்ள திரை இழுபட்டு விளிம்பில் பிரியலாம், பின்பையும் கிழியலாம்.

கையைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு என் கதையைவிடப் பெரிய ஆதாரம் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த ஏறக்குறைய 80,000 கண்புரை அறுவைகளின் கணக்கு 2012-ல் வெளியானது. அறுவையின்போது நேர்ந்த சிக்கல் பேக்கோவில் 1.11 சதவீதம், எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் 1.01 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் பயிற்சியில் இருப்பவர்களை மட்டும் தனியே பார்த்தால் பேக்கோவில் 4.8, எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் 1.46. இந்த எண்களைப் படித்த பிறகு ‘எந்த முறை’ என்ற கேள்வியைவிட ‘யார் கை, எத்தனையாவது கண்’ என்ற கேள்விதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது.

உங்கள் அம்மாவின் புரை வெளுத்திருக்கிறது என்கிறீர்கள். வெள்ளைப் புரையில் இரண்டு வகை. சிலவற்றில் உள்ளே பால் போலத் திரவம் தேங்கி, கரு மட்டும் அதில் மிதக்கும். சிலவற்றில் எல்லாமே இறுகியிருக்கும். எதுவாக இருந்தாலும் முன்பையைத் திறப்பதுதான் சோதனை, ஏனென்றால் வெள்ளைக்கு மேல் வெள்ளை. பை எங்கே என்றே தெரியாது. நீலச் சாயம் விட்டுப் பையைத் தீட்டிக்கொண்டு திறப்போம். உள்ளே அழுத்தம் அதிகமாக இருந்தால், தொட்டவுடன் பை இரு பக்கமும் கிழிந்து நடுவில் வெள்ளை தெரியும். நீலம், வெள்ளை, நீலம். கண் மருத்துவர்கள் இதற்கு அர்ஜென்டினா கொடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் சிரிப்பு வராத நகைச்சுவை இது. அப்படிக் கிழிந்தால் பேக்கோவைத் தொடர்வது ஆபத்து, எஸ்.ஐ.சி.எஸ்.ஸுக்கு மாறுவதுதான் புத்தி. எனவே தனியார் மருத்துவமனைக்கே போனாலும், நடுவில் மாற வேண்டி வந்தால் அந்த மருத்துவர் மாறத் தெரிந்தவரா என்று கேட்டு வையுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

உறுதியில்லாத இடத்துக்கு வருகிறேன். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஆறு, எட்டு வாரத்தோடு நின்றுவிடுகின்றன. 15 வருடம் கழித்து எந்தக் கண்ணின் கருவிழி நன்றாக இருக்கும் என்று என்னிடம் அடித்துக் கேட்டாலும் பதில் சொல்லமாட்டேன். என் அனுபவத்தில் வேறுபாடு கண்டதில்லை. ஆனால் அனுபவம் ஆய்வாகாது, திரும்பி வராத நோயாளிகளை நான் பார்த்ததில்லை அல்லவா. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சின்னத் துளை நல்லது என்ற பேச்சிலும் நியாயம் இருக்கிறது, ஆறுவது விரைவு என்பதால். ஆனால் மிகக் கடினமான புரையில் அந்த லாபத்தை அதிர்வின் சேதம் தின்றுவிடும் என்பது என் கணிப்பு. கணிப்பு மட்டுமே.

முறையைப் பற்றி இவ்வளவு எழுதியாயிற்று. என்னிடம் வந்தவர்களில், அறுவைக்குப் பிறகும் சரியாகப் பார்வை வராதவர்களை நினைத்துப் பார்த்தால், முறையால் கெட்டவர்கள் குறைவு. சர்க்கரையால் விழித்திரை முன்பே கெட்டிருந்தவர்கள் அதிகம். முழு வெள்ளைப் புரையின் வழியாக விழித்திரையைப் பார்க்க முடியாது. அதனால் பி-ஸ்கேன் என்ற ஒலியலைப் படம் எடுக்க வேண்டும். இருட்டறையில் நாலு பக்கமிருந்தும் டார்ச் அடித்து வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். எளிய பரிசோதனைதான், ஆனால் நரம்பைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். புரை லேசாக உள்ள இடது கண்ணின் விழித்திரையையும் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்; ஒரு கண்ணில் சர்க்கரைச் சேதம் இருந்தால் மற்றதிலும் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது லென்ஸின் பவர் அளவு. கண்ணின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தால் பவரில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வரை பிசகும். முற்றிய புரையில் ஒளியால் அளக்கும் கருவி வேலை செய்யாது. ஒலியலையால் அளக்க வேண்டும், அதில் கருவியைக் கண்மேல் அழுத்திவிட்டால் நீளம் குறைவாகக் காட்டும். பல வீடுகளில் “முகாமில் செய்ததால்தான் மங்கலாகத் தெரிகிறது” என்று பேசுவதற்குக் காரணம் இந்த அளவுப் பிசகாகவோ, வாங்காமல் விட்ட கண்ணாடியாகவோ இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தொற்று மூன்றாவது. அறுவை முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் வழக்கத்தால், அரவிந்த் மருத்துவமனைகளின் ஆறு லட்சம் அறுவைகளில், 10,000-க்கு 7 என்றிருந்த உட்கண் தொற்று 2 ஆகக் குறைந்ததாக 2017-ல் கணக்குக் காட்டினார்கள். நீங்கள் போகும் இடத்தில் அந்த மருந்து விடுவார்களா என்று கேட்பது, லென்ஸ் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

மடக்கு லென்ஸ் பற்றிச் சுருக்கமாக. சிறிய துளையில் நுழைய வேண்டும் என்பதற்காகத்தான் அது மடிகிறது. எஸ்.ஐ.சி.எஸ்.ஸிலும் அதை வைக்கலாம். முகாமில் வைக்கும் கெட்டி லென்ஸின் மூலப்பொருள், 1949-ல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலில் வைத்த அதே அக்ரிலிக் வகை. காலம் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. சில வருடம் கழித்துப் பின்பை மங்கி மறுபடி புரை வந்ததுபோல் தோன்றலாம். நல்ல விளிம்புள்ள மடக்கு லென்ஸில் இது குறைவு. வந்தால் யாக் லேசரில் சில நிமிடத்தில் சரி செய்வார்கள், வலி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன லேசர் உங்கள் அம்மாவுக்குத் தேவைப்பட்டால் அது இந்த இடத்தில்தான். தூரமும் கிட்டமும் தெரியும் பல்முனை லென்ஸ் என்று யாராவது ஆசை காட்டினால், சர்க்கரைச் சேதம் இருக்கக்கூடிய கண்ணுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசு கட்டித் தனியாரில் செய்தால் தவறு என்று நான் சொல்லவில்லை. வசதி இருந்து, கை தேர்ந்த மருத்துவர் ‘இந்தப் புரையை நான் பேக்கோவில் எடுப்பேன்’ என்று கண்ணைப் பார்த்துச் சொன்னால் செய்யுங்கள். வட்டிக்கு வாங்கிச் செய்ய வேண்டிய காரியம் இதுவல்ல என்பதே என் கருத்து. இலவசம் என்பதாலேயே சந்தேகம் வந்தால் புதுச்சேரிக்கு பஸ் ஏறுங்கள். தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. இன்னொரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ‘இன்னும் முற்றட்டும்’ என்பது சோடாபுட்டிக் காலத்து அறிவுரை. முழுதும் முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண்ணழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடக்கூடும். கண் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வந்தால் அன்றே மருத்துவமனை. அந்த அழுத்தம் நரம்பைக் கெடுத்துவிட்டால் பிறகு எந்த முறையாலும் பார்வை திரும்பாது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது.

முந்திரி உடைக்க எப்போது திரும்பலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். சொட்டு மருந்து பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம். அது முடிந்து, மருத்துவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்த பிறகு. முதல் வாரத்தில் வலியோ சிவப்போ கூடினால், வந்த பார்வை மங்கினால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலையே பொத்துப்போகச் செய்யும். கண்ணில் தெறித்தால் என்னவாகும் என்று உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வறுக்கும் புகைப் பக்கம் வேறு யாரையாவது நிற்கச் சொல்லி, பக்கமும் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். சாம்பல் ஒட்டிய கையால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருக்கும். இத்தனை வருடப் பழக்கம், அதை நிறுத்துவதுதான் கஷ்டம்.